நல்லாருக்கே, விக்கலாமே!

வீட்டுல ஒரு கேக் பண்ணி நாலு பேருக்குக் கொடுத்துப் பாருங்க. முதல் வாய் உள்ள போனதும் "ஆஹா!" ரெண்டாவது வாயில "நீங்களே பண்ணீங்களா?" மூணாவது வாய் முடியறதுக்குள்ள வந்துடும், "இவ்ளோ நல்லா பண்றீங்களே, விக்கலாமே!" சென்னைக்குப் போனா சொந்தக்காரங்க சொல்றாங்க. இங்க புனேல ஆபீஸ்ல சொல்றாங்க. வாட்சப்ல போட்டோ பார்த்தே சொல்றவங்களும் உண்டு. அவங்க வாயில ஒரு துண்டுகூடப் போகலைங்கறது வேற விஷயம்.

சொல்றவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, சண்டை இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச மிகப் பெரிய பாராட்டு அது. ஆனாலும் எனக்கு இந்த வாக்கியத்து மேல கொஞ்ச நாளா ஒரு காண்டு. நம்ம ரங்கமணிகளை எடுத்துக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எழுந்து கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கிட்டு கிரவுண்டுக்குப் போறாங்க. பதினோரு மணிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து இட்லி கேக்கறாங்க. யாராவது, "நல்லா ஆடறீங்களே, டிக்கெட் போடலாமே"ன்னு கேட்டதுண்டா? லட்ச ரூபாய்க்குக் கேமரா வாங்கி, பால்கனியில வந்து உக்கார்ற புறாவையே முந்நூறு போட்டோ எடுக்கற மனுஷர்கிட்ட, "இதுல என்ன வருமானம்?"னு யாரும் கேக்கறதில்ல. அது ஹாபி. நாம மைதாவும் சர்க்கரையும் எடுத்தா மட்டும் அது பிசினஸ் ஐடியா!

எங்க சொசைட்டியில ஒரு மகிளா மண்டல் இருக்கு. மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளப் ஹவுஸ்ல கூடுவாங்க. நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல இதுக்கு ஒரு கெட்ட பேர் உண்டு: "கிட்டி பார்ட்டி". ஹிந்தி சீரியல்ல ஜரிகைப் புடவையும் லிப்ஸ்டிக்குமா வர்ற மாமிங்க ஊர்வம்பு பேசற இடம்னு முடிவே பண்ணி வெச்சிருக்கோம். நவராத்திரிக்குக் கொலு வைக்கறோம், பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கம் போறோம், அதுக்கு மேல அக்கம்பக்கத்துக்காரங்களோட லிஃப்டுல ஒரு புன்னகை. பத்து வருஷம் இருந்துட்டு எதிர் பிளாட்டுல யாருன்னே தெரியாம காலி பண்ணிக்கிட்டுப் போன குடும்பம் எனக்கே ரெண்டு தெரியும்.

நம்ம ஊர் குலுக்கல் சீட்டு மாதிரி ஒண்ணு இங்க நடக்கும். பிஷின்னு பேரு. பன்னெண்டு பேர், ஆளுக்கு மாசம் ஆயிரம் ரூபாய், சீட்டு எழுதிக் குலுக்கினதும் பேர் வந்தவங்களுக்குப் பன்னெண்டாயிரம். அது பத்து நிமிஷ வேலை. மீதி நேரம் பூரா சாப்பாடுதான். எங்க மண்டல்ல மட்டும் ஒரு சின்னத் திருத்தம்: பேர் வந்தவங்க அடுத்த மாசம், தான் இதுவரைக்கும் பண்ணாத ஏதாவது ஒண்ணை பேக் பண்ணிக்கொண்டு வரணும். நல்லா வரணும்னு கட்டாயம் இல்ல. புதுசா இருக்கணும், அவ்வளவுதான்.

இந்த ஒரு விதியால வந்ததெல்லாம் கொஞ்சம் இல்ல. புனேன்னா பேக்கரி ஊர். ஈஸ்ட் ஸ்ட்ரீட்ல 1955லேர்ந்து இருக்கற கயானி பேக்கரியோட ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டை வாங்காம யாரும் ஊருக்குப் போறதில்ல. அதனால முதல் ஆறு மாசம் எல்லாரும் அதே மாதிரி வெண்ணெய் பிஸ்கட்டுக்குத்தான் முயற்சி பண்ணாங்க. அப்புறம்தான் வஹினி ஒருத்தங்க உபவாச கேக்குன்னு ஒண்ணைக் கிளப்பி விட்டாங்க.

மகாராஷ்டிராக்காரங்களோட உபவாசம் நம்ம விரதம் மாதிரி ஒரு வேளைப் பலகாரத்தோட முடியற கதை இல்ல. அவங்களே கிண்டல் பண்ணிக்குவாங்க, "ஏகாதசி, துப்பட் காஷி"ன்னு. ஏகாதசி அன்னிக்கு ரெட்டிப்பா சாப்பிடறதுன்னு அர்த்தம். அரிசி, கோதுமை, பருப்பு ஆகாது. ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கு, ராஜ்கிரா ஆகும். ராஜ்கிராங்கறது கீரை வகைச் செடியோட விதை, பொரிச்சா கடுகைவிடக் கொஞ்சம் பெரிசா வெள்ளையா இருக்கும். அதோட மாவுல கேக்! முட்டை கூடாது, அதுக்குத் தயிர் இருக்கு. கோதுமை இல்லாததால மாவைச் சேர்த்துப் பிடிக்கற பசைத்தன்மை இருக்காது. பெரிய டின்ல ஊத்தினா எடுக்கும்போது உதிர்ந்துடும்னு சின்னச் சின்னக் கப்புல ஊத்தி, சிங்காடா மாவு கொஞ்சம் கலந்து, ஒரு வழியாக் கொண்டு வந்துட்டாங்க.

அப்பதான் எழுபது வயசு காகூ ஒருத்தங்க கேட்டாங்க, "இதுல பேக்கிங் பவுடர் போட்டியா?" போட்டிருக்கேன்னாங்க வஹினி. "அப்ப இது உபவாசத்துக்கு ஆகாது. பேக்கிங் பவுடர்ல சோளமாவு இருக்கு." எல்லாரும் ஙேன்னு முழிச்சோம். டப்பாவைக் கொண்டு வந்து கண்ணாடி போட்டுப் படிச்சா, ஆமா, இருக்கு. ஈரம் பட்டுக் கட்டியாகாம இருக்க அதைக் கலக்கறாங்க. வெறும் சமையல் சோடா போட்டா தோஷம் இல்ல, தயிரோட புளிப்பே அதைப் பொங்க வைக்கப் போதும்னு காகூவே தீர்ப்பும் சொன்னாங்க. கெமிஸ்ட்ரியும் தர்ம சாஸ்திரமும் சேர்ந்து நடந்த அந்த முக்கால் மணி நேர விவாதம் மாதிரி ஒண்ணை என் ஆபீஸ் மீட்டிங் எதுலயும் நான் பார்த்ததில்ல.

ஆபீஸ்ல எல்லாரும் இங்கிலீஷ் பேசறதால, பல வருஷமா என் மராத்தி ஆட்டோக்காரரோட நின்னு போயிருந்தது. மண்டல்லதான் "வாட்டி"ங்கறது கிண்ண அளவுன்னும், "சிமுட்பர்"னா நம்ம சிட்டிகைன்னும், "மந்த ஆச்"னா சிறுதீன்னும் கத்துக்கிட்டேன். பதிலுக்குத் தூத்துக்குடி மக்ரூன் நான் கொடுத்தேன். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, மூணே சாமான். மழைக்காலத்துல பண்ணக்கூடாது, ஈரக் காத்துல பிசுபிசுத்துப் போகும். ஷ்ராவண மாசத்துலயும் பண்ணக்கூடாது, முட்டைன்னு பாதிப் பேர் தொட மாட்டாங்க. ஆக ஜனவரியில ஒரு சனிக்கிழமை பார்த்துப் பண்ணி எடுத்துக்கிட்டுப் போனேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன தீபாவளிக்கு முன்னாடி ஒருத்தங்க, "நாம இவ்வளவு பண்றோமே, மண்டல் பேர்ல ஸ்டால் போடலாமே, ஒரு பிராண்டே ஆரம்பிக்கலாமே"ன்னு கிளப்பினாங்க. பாதிப் பேர் கை தட்டினாங்க. தட்டாம உக்கார்ந்திருந்த ஒரு பொண்ணு நம்ம மதுரைப் பக்கத்துக்காரங்க. ஊர்ல டீச்சரா இருந்தவங்க, கணவரோட மாற்றலுக்காக வேலையை விட்டுட்டு வந்தவங்க. ஊரே "விக்கலாமே"ன்னு சொல்லி, அவங்க ஒரு வருஷம் வித்தும் பார்த்தவங்க. அவங்க சொன்ன கணக்கை அப்படியே தர்றேன்.

ஒரு கிலோ பிறந்தநாள் கேக்குக்கு 600 ரூபாய் வாங்கினாங்க. வெண்ணெய், கிரீம், முட்டை, மைதா எல்லாம் சேர்த்து 280. பெட்டியும் அடியில வைக்கற அட்டையும் 40. கரண்ட் 20. மிச்சம் 260. சாமான் வாங்கறதுலேர்ந்து பாத்திரம் கழுவற வரைக்கும் நாலரை மணி நேரம். மணிக்கு அறுபது ரூபாய்கூட இல்ல. அதுக்கும் மேல, "வீட்டுலதானே பண்றீங்க, கடை வாடகையா ஒண்ணா, கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன்"னு பேரம். பேரம் பேசினவங்கள்ல "விக்கலாமே"ன்னு முதல்ல சொன்னவங்களும் இருந்தாங்க! எங்க சொசைட்டிக்கு வேலைக்கு வர்ற மாவ்ஷிங்க எத்தனை பாத்திரம், எத்தனை ரூம், எத்தனை லீவுன்னு முதல்லயே கறாராப் பேசிட்டுத்தான் வேலையைத் தொடறாங்க. தன் நேரத்தோட விலையை அவங்க தெரிஞ்சு வெச்சிருக்காங்க. படிச்ச நமக்குத்தான் அது கூச்சமா இருக்கு. அந்தப் பொண்ணு கடைசியாச் சொன்னது: "அக்கா, என் பொண்ணு பிறந்தநாளுக்குக் கடையில கேக் வாங்கினேன். அவனைப் பார்த்தாலே அலுப்பா இருந்துச்சு." அவன்னு சொன்னது ஓவனை.

விக்கறதே தப்புன்னு நான் சொல்லலை. இந்த மாநிலத்துல இருந்துகிட்டு அப்படிச் சொன்னா வாய் அழுகிடும். 1959ல மும்பை கிர்காவ்ல ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில அப்பளம் இட்டுக் காய வெச்சு ஆரம்பிச்சதுதான் லிஜ்ஜத். அதுல ஒருத்தரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட்டுக்கு 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. இன்னிக்கும் அப்பளம் இடற பெண்களேதான் அதுக்குப் பங்காளிகள். டிசம்பர் வாக்குல இங்க நடக்கற பீம்தடி ஜத்ராவுக்குப் போனா, கிராமங்கள்லேர்ந்து வந்த சுயஉதவிக் குழுப் பெண்கள் பாக்ரி தட்டிப் போடற வேகத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம். அவங்களுக்குப் பணம் தேவைப்பட்டது, சேர்ந்து உக்கார்ந்து முடிவு பண்ணாங்க, விலையும் பங்கும் பேசிக்கிட்டாங்க. யாரோ கேக் தின்னுட்டு ஏப்பத்தோட சொன்ன ஐடியாவை நம்பி இறங்கலை. பணம் வேணும்னு ஒருத்தி முடிவு பண்ணிட்டா, அவளுக்கு வேண்டியது கணக்கு நோட்டு, முன்பணம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, பேரம் பேசாத நாலு வாடிக்கையாளர்.

பெண்களுக்கு வேலை போதலைங்கற மாதிரி பேசறதுதான் எனக்குப் புரியலை. 2024ல அரசாங்கம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்குச் சராசரியா நாளுக்கு 289 நிமிஷம் செலவழிக்கறாங்கன்னு வந்திருக்கு. அந்த வேலை செய்யற ஆண்களுக்கு 88 நிமிஷம். 289 நிமிஷம்னா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். அது போக எனக்கு ஆபீஸ் ஒம்போது மணி நேரம். இதுல மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ரெண்டு மணி நேரம் கிடைச்சிருக்கு. அதையும் ஆர்டர் எடுக்கற நேரமா மாத்தணுமா?

வெளியூர்லேர்ந்து வந்து வேலையை விட்ட பெண்கள்கிட்டதான் இதை அதிகமா சொல்றோம்ங்கறதையும் கவனிச்சிருக்கேன். "வீட்டுல சும்மாதானே இருக்கே" அப்படிங்கறதை மரியாதையாச் சொல்ற விதம் அது. அந்தப் பொண்ணுக்கு அப்ப வேண்டியிருந்தது ஆர்டர் இல்ல, பேச்சுத் துணை. பஸ் எங்க நிக்கும், எந்த டாக்டர் பொறுமையாக் கேப்பார், பையனோட மராத்திப் பாடத்துக்கு யாரைப் புடிக்கறது, இதெல்லாம் மண்டல்ல சேர்ந்து ரெண்டே மாசத்துல அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. கேக்கை வாங்க வந்தவங்க யாரும் அவங்களை உக்காரச் சொல்லிப் பேசினதில்ல. வாசல்ல நின்னு பெட்டியை வாங்கிக்கிட்டுப் போனவங்கதான்.

ஸ்டால் விஷயம் கை தூக்கி முடிவாச்சு. வேண்டாம்னு ஏழு பேர், வேணும்னு அஞ்சு பேர். அந்த அஞ்சு பேரும் தனியா ஒண்ணு சேர்ந்து பண்றாங்க, விலைப்பட்டியல் போடும்போது மதுரைக்காரங்களைத்தான் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. கிலோ கேக் 950க்குக் கீழே இல்ல. சனிக்கிழமை மட்டும் பழையபடிதான்.

காகூவோட நான்கட்டாய் அளவு வேணும்னு போன தடவையே சிலர் கேட்டீங்க. மைதா ஒரு வாட்டி, கடலை மாவு கால் வாட்டி, ரவை ரெண்டு ஸ்பூன், பொடிச்ச சர்க்கரை அரை வாட்டி, உருக்காத நெய் அரை வாட்டி, ஏலக்காய், சிமுட்பர் சோடா. நெய்யையும் சர்க்கரையையும் வெள்ளையாகற வரைக்கும் கையாலேயே தேய்ங்க, அப்புறம் மாவு. உருட்டி லேசாத் தட்டி 170 டிகிரியில பதினஞ்சு நிமிஷத்துலேர்ந்து பதினெட்டு நிமிஷம். ஓவன் இல்லாதவங்க பழைய அலுமினியக் குக்கர்ல உப்பைப் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துட்டு மூடி, மந்த ஆச்ல வைங்க. வெளிய எடுக்கும்போது மெத்துனுதான் இருக்கும், பதறி மறுபடி உள்ள வைக்காதீங்க. ஆறினதும் தானே மொறுமொறுன்னு ஆயிடும்.