பார்த்ததற்கும் கூலி உண்டு

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் எனக்கு, எஞ்சின் இறுகிப்போய்க் கயிறு கட்டி இழுத்துவரும் ஓட்டோவைப் பார்த்தால் கவலை இல்லை. கழற்றினால் காரணம் கையில் வந்துவிடும். இடையிடையே நின்றுவிட்டு மறுபடி தானே ஸ்டார்ட் ஆகும் ஓட்டோதான் தலைவலி. காலி வீதியில் பஸ்சுக்கு முன்னால் சட்டென்று நிற்கும். ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். கராஜ் வாசலுக்கு வரும்போது ஒரு குறையும் காட்டாது.

ஓட்டோக்காரரின் பணத்தை வீணாகக் கரைப்பதில் இந்தக் கோளாறை அடிக்க வேறொன்றில்லை. அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கரைப்பவர்கள் எங்கள் தொழில்காரர்களே. வண்டி நிற்கிறது என்று சொன்னவுடன் பிளக்கை மாற்று என்போம். அடுத்த வாரம் வந்தால் கொயில். அதற்கும் அடங்காவிட்டால் சீடிஐ. பிளக்கில் தீப்பொறி வரவைக்கும், கறுப்புப் பசை ஊற்றி மூடிய பெட்டி அது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. ஆகவே பழியை அதன் தலையில் போட்டுவிடுவது சுலபம்.

பிளக்கில் தொடங்கும் பழக்கத்துக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். கரி பிடித்துப் பிளக் அடைபடும், வண்டி நிற்கும். பாதிப் பிழை அங்கேதான் இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை 2008இல் அரசு நிறுத்திவிட்டது. இன்று தெருவில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை நான்கு ஸ்ட்ரோக். எங்கள் கை மட்டும் இன்னும் பிளக் ஸ்பானரைத்தான் முதலில் தேடுகிறது.

அண்மையில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வேறொரு கராஜில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு வந்தவர். "அண்ணை, பிளக் மாத்தியாச்சு, கொயில் மாத்தியாச்சு, சீடிஐயும் மாத்தியாச்சு. இன்னும் நிண்டு நிண்டுதான் போகுது" என்றார். கழற்றிய சாமான்கள் எங்கே என்று கேட்டேன். ஒன்றும் கையில் இல்லை.

நான் ஸ்பானரைத் தொடவில்லை. எப்படி நிற்கிறது, சுவிட்சை ஓஃப் பண்ணின மாதிரியா, இழுத்து இழுத்தா என்று கேட்டேன். இழுத்து இழுத்துத்தான் என்றார். மழையிலா, வெயிலிலா? இரண்டிலும். எந்த நாளில் கூட? கொஞ்சம் யோசித்தார். "டாங்க் நிரப்பின நாளிலதான் கூட, அண்ணை."

அந்தப் பதில்களே பாதி வேலையை முடித்துவிட்டன. சட்டென்று செத்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்: கழன்ற ஏர்த் வயர், தேய்ந்த சாவிச் சுவிட்ச், சூட்டில் உள்ளே அறுந்து ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் கொயில். இந்தக் கொயிலைக் குளிர்ந்திருக்கும்போது மீற்றர் வைத்துப் பார்த்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். மரைன் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று வயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது எஞ்சின் நிற்பதற்கு அதுவே போதும். இழுத்து இழுத்து நின்றால் எரிபொருள் வரும் வழியில் தேட வேண்டும். சூடேறியபின் நின்று, நன்றாக ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகும் என்றால் வால்வ் இடைவெளியையும் அளக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வ் முழுதாக மூடாது, கம்பிரஷன் போய்விடும். இதற்கு எத்தனை சீடிஐ மாற்றினாலும் பயன் இல்லை.

டாங்கை நிரப்பச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். புளூமெண்டல் வீதியைச் சுற்றி ஆமர் வீதிக்கு வந்தபோது வண்டி திணறியது, நின்றது. காபரேட்டர் அடியில் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தினேன். பெற்றோல் தொடர்ந்து ஓட வேண்டும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டது. டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. ஸ்குரூ வழியே பெற்றோல் ஓடத் தொடங்கியது. இறுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் ஒரே தடவையில் பிடித்தது.

மூடி 2022இல் வாங்கியது. அந்த வருடத்தை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்; எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். பெற்றோல் களவுக்குப் பயந்து பலர் பூட்டு மூடி போட்டார்கள், இவரும் போட்டார். பின்னர் மூடியோரம் கசிகிறது என்று பழைய டியூப் ரப்பரை வட்டமாக வெட்டித் தானே உள்ளே வைத்திருக்கிறார். காற்று போக இருந்த சிறு துளை அதோடு அடைபட்டது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்க் பெற்றோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். டாங்க் நிறைந்திருக்கும்போது மேலே காற்று இருக்கும் இடம் குறைவு, ஆகவே இழுவை சீக்கிரம் ஏறும். கிடைத்ததை ஊற்றிக்கொண்டு ஓடிய காலமாக இருந்தால் இது வெளியே தெரிந்தே இருக்காது.

ரப்பரில் ஊசியால் துளை போட்டேன். கூலி சொன்னதும் தம்பியின் முகம் மாறியது. "ஒரு ஓட்டைதானே அண்ணை போட்டீங்க?"

சீடிஐக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுத்தவர் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு பெட்டி கிடைத்தால் காசுக்குப் பொருள் கிடைத்தது போல இருக்கும். ஆனால் இதே ஆட்கள் தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரை சனல் பண்ணி, ஐந்து நிமிடம் பார்த்ததற்குக் கட்டணம் கட்டிவிட்டு முணுமுணுக்காமல் வருகிறார்கள். பார்த்ததற்குத்தான் காசு என்பது அங்கே விளங்குகிறது.

கண்டுபிடித்ததற்குக் காசு இல்லை, மாற்றினால்தான் காசு என்றால் மெக்கானிக் என்ன செய்வான்? மாற்றுவான். பஞ்சிகாவத்தையில் எந்த வண்டிக்கும் எந்தச் சாமானும் கிடைக்கும், ஒறிஜினல் மாதிரியே இருக்கும் போலியும் கிடைக்கும். ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் கடைகளும் உண்டு. இதை எழுதுவதால் எங்கள் ஆட்கள் சிலர் என்னுடன் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைப் படிப்படியாகத் திறப்பதற்கு ஐந்து வருடம் போலாயிற்று. அந்த இடைவெளியில் முதுமை அடைந்த வண்டிகளை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்கின்றன. ஊகித்து ஊகித்துச் சாமான் மாற்ற அவர்களிடம் பணம் இல்லை.

எல்லாக் கராஜிலும் பார்க்கும் கூலி தனியாகவும் சாமான் விலை தனியாகவும் பில்லில் எழுதப்பட வேண்டும். கழற்றிய சாமானை உரியவரிடமே கொடுக்க வேண்டும். மாற்றியும் குறை தீராவிட்டால் பழையதைத் திருப்பிப் போட்டுப் புதியதை மெக்கானிக் எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த நட்டம் அவனுடையது. தொழிற்பயிற்சி நிலையங்களில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டக் கற்பிக்கிறார்கள். அதைவிட, பிழையை மறைத்து வைத்த வண்டியைக் கொடுத்து, எதையும் மாற்றாமல் கண்டுபிடி என்று சோதனை வைத்தால் நல்லது. ஓட்டுபவரும் வண்டி நின்ற இடத்திலேயே நான்கு விஷயம் பார்த்து வைக்கலாம்: எப்படி நின்றது, எவ்வளவு தூரம் ஓடியபின், டாங்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு நேரத்தில் மறுபடி பிடித்தது.

என் கராஜ் வாசலில் பார்க்கும் கூலியைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். சிலர் வாசித்துவிட்டு அடுத்த கராஜுக்குப் போகிறார்கள். ஒருவர் மட்டும் நின்று, "பார்த்துப் பிழை ஒண்டும் பிடிபடாட்டி?" என்று கேட்டார். அதற்கும் அதே கூலிதான் என்றேன். யோசித்துவிட்டுச் சாவியை நீட்டினார்.