செடி என் பிள்ளை இல்லை

வங்கி மேலாளர் ஒருவர் ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பத்து ஏக்கரில் மாவும் கொய்யாவும் வைத்தால் பத்திரிகையில் படத்தோடு நேர்காணல் வருகிறது. ஐ.டி. வேலையை உதறிவிட்டு நாட்டு மாடு வளர்க்கும் இளைஞருக்கு ‘மண்ணுக்குத் திரும்பியவர்’ என்று பெயர் கிடைக்கிறது. இருபது வருடம் நர்ஸாக இருந்த ஒரு பெண், போதும் என்று வேலையை விட்டுவிட்டு வயலுக்கோ தோப்புக்கோ நர்சரிக்கோ போனால் மட்டும் ஊர் வேறு மாதிரி கேட்கிறது. ‘அந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?’ ஆஸ்பத்திரியில் ஏதாவது பிரச்சினையா, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாரா, டாக்டரோடு தகராறா, வீட்டில் சரியில்லையா? ஆண் வேலையை விட்டால் அது அவன் எடுத்த முடிவு. பெண் விட்டால் விபத்து. அதிலும் நர்ஸ் விட்டால் துரோகம்.

யாருக்குச் செய்த துரோகம்? ‘இத்தனை வருஷ அனுபவம் வீணாகிறதே, நோயாளிகள் என்ன ஆவார்கள்?’ என்று வருந்துகிறவர்கள், அதே நர்ஸ் குவைத்துக்கோ இங்கிலாந்துக்கோ விமானம் ஏறினால் இனிப்பு கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். அங்கே போனாலும் இங்கே படுத்திருக்கும் நோயாளிக்கு அவர் இல்லைதான். ஆனால் மாதாமாதம் பணம் வரும். தம்பி படிப்பான், மாடி வீடு எழும்பும். ஆக, இவர்களுடைய வருத்தம் நோயாளியைப் பற்றியது இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தொகை குறைகிறதே என்கிற வருத்தம். அதை அப்படியே சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்பதால் ‘சேவை’ என்ற சொல்லை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று பார்ப்போம். 2015இல் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் போட்டித் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை அரசு மருத்துவமனைகளுக்கு எடுத்தது. மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்று சொல்லப்பட்டது. அது நடக்காததால் 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். உயிர் காக்கும் வேலையில் இருப்பவர்கள் போராடலாமா என்று உபதேசம் செய்தவர்கள் நிறைய. உயிர் காக்கும் வேலைக்கு நாளொன்றுக்கு 260 ரூபாய்கூடத் தேறாத சம்பளம் தரலாமா என்று கேட்டவர்கள் கொஞ்சம். 2020 மே மாதம் விமானப்படை ஹெலிகாப்டர்களிலிருந்து மருத்துவமனைகளின் மேல் பூ தூவினார்கள். தேவதைகள் என்றார்கள். அந்தக் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களிடம், 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை என்றார்கள்.

தனியார் மருத்துவமனைகளின் கதை இதைவிட மோசம். உச்ச நீதிமன்றம் 2016இல் கொடுத்த உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையாக இருந்தாலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. உங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் நர்ஸிங் ஹோமில் இன்று என்ன கொடுக்கிறார்கள் என்று போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது, அசல் சான்றிதழ்கள் யார் பீரோவில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள்.

இரவைப் பற்றியும் பேச வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரவு ஏழு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. பெண்களைப் பாதுகாக்கிறார்களாம். சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் அந்தப் பிரிவைச் செல்லாது என்றபோதும் பாதுகாப்பு, கலாச்சாரம் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. அத்தனை வருடமும் இந்த நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் இரவு முழுக்க வார்டில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய பாதுகாப்பு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பெண் சம்பாதிக்க இரவில் போனால் ஒழுக்கக்கேடு, பணிவிடை செய்யப் போனால் புண்ணியம். உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தூக்கத்தின் இயல்பான சுழற்சியைக் குலைக்கும் இரவுப் பணியை, ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது’ என்று கருதத்தக்க பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. சுருள் நரம்பு, இடுப்பு வலி, அடக்கி அடக்கி வந்த சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்குப் பட்டியலே தேவையில்லை. எந்த நர்ஸிங் ஸ்டேஷனிலும் கேட்டால் சொல்வார்கள்.

பத்தொன்பது வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவள் நான். இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நர்சரியில் வேலை. ‘நர்ஸ் வேலையை விட்டுட்டு நர்சரி வேலையா?’ என்று எல்லோரும் ஒரே பகடியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் வேலை, இருட்டினால் தூக்கம் என்பதுதான் நான் தேடியது. ஜன்னலைத் திறந்து காற்றும் வெளிச்சமும் விடுவதே செவிலியின் முதல் கடமை என்று 1859இல் புத்தகம் எழுதினார் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். நோயாளிக்குத்தான் சொன்னார். விளக்கு ஏந்திய அவருடைய படத்தை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு, அவருடைய பெயரால் உறுதிமொழி எடுக்கிற பெண்களை ஜன்னல் இல்லாத ஏ.சி. அறைகளில் நிறுத்தியிருக்கிறோம்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை என் அம்மா சொன்னார். ‘வெயில்ல காயக் கூடாதுன்னுதானடி உன்ன நர்ஸுக்குப் படிக்க வச்சேன்.’ எங்கள் காலனியில் அம்மாவின் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் நடவுக்கும் களைக்கும் போனவர்கள். அடுத்தவர் வயலில், அடுத்தவர் சொன்ன கூலிக்கு, வரப்பில் தனிக் குவளையில் தண்ணீர் குடித்துக்கொண்டு உழைத்தவர்கள். அவர்களுக்கு நிழல் என்பது சொகுசு இல்லை, சாதியிலிருந்து ஒரு அடி விலகி நிற்கும் இடம். மகளின் வெள்ளைச் சீருடை அந்த நிழல். ஆகவே, மண்ணின் அழகைப் பாடும் ‘மண்ணுக்குத் திரும்புவோம்’ கூட்டத்தோடு நான் சேர முடியாது. திரும்புவதற்கு அவர்களுக்குச் சொந்த மண் இருக்கிறது. எங்களை அந்த மண்ணில் நிறுத்தி வேலைதான் வாங்கினார்கள்.

வெயில் கொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தினர் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் சுமார் இரு மடங்கு அதிகம் என்று அது சொல்கிறது. அம்மா இந்த ஆய்வைப் படித்ததில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அம்மாவை வாட்டியது வெயில் மட்டும்தானா? நிழலில் நின்ற என்னையும் வேறொன்று வாட்டியதே. அவர் வயலில் அனுபவித்ததும் நான் வார்டில் அனுபவித்ததும் ஒன்றுதான்: நேரத்தையும் கூலியையும் வேறொருவர் தீர்மானித்தார், உடம்பின் தேய்மானத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெயிலா நிழலா என்று எங்களிடம் கேட்பதே ஏமாற்று. கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், நிலம் யார் பேரில், ஒதுங்க இடம் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

வெளிவேலை தேடிப் போகும் பெண்ணுக்கு இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் கிடைக்கிறது? கட்டட வேலைக்குப் போனால் ஆண் ஐந்து வருடத்தில் கொத்தனார் ஆவான், பெண் ஐம்பது வயதிலும் சித்தாள். நான் இருக்கும் நர்சரியில் செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து பை நிரப்புவதும், நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதும் பெண்கள். பிளேடு ஒரு நூல் தப்பினால் ஒட்டு பிடிக்காது. அந்த நுணுக்கமான வேலைக்குக் கிடைப்பது, லாரியில் பை ஏற்றும் ஆண் ஆளின் கூலியில் பாதிக்குச் சற்று மேல். கேட்டால், ‘அது பொம்பளைங்க உக்காந்து பாக்குற வேலைதானம்மா’ என்கிறார் மேஸ்திரி.

கூலிக்குப் போகாமல் சொந்தமாகச் செய்யலாமே? செய்யலாம், நிலம் இருந்தால். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பேரில் நடக்கும் சாகுபடிக் கைப்பற்றுகள் 14 சதவீதத்துக்கும் குறைவு. நிலம் பேரில் இல்லையென்றால் வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான்கூடக் கிடையாது. பட்டா இல்லாவிட்டாலும் பயிர் செய்யும் பெண்ணை விவசாயி என்று அங்கீகரிக்க எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அவருடைய பதவிக்காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு காலாவதியானது.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989இல் சட்டமானது, நாடு முழுவதும் 2005இல். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பார்க்கலாம். அக்கா தங்கைகள் வரிசையாக வந்து தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணத்துக்கு நம் தமிழில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். எங்களோடு வேலை பார்த்த எத்தனையோ நர்ஸ்கள் நைட் டியூட்டிச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்து, தங்கைக்கு நகை போட்டு, அப்பாவின் அரை ஏக்கரை அடமானத்திலிருந்து மீட்டு, கடைசியில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாடகை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். விடுதலை யாருக்கு?

இதையெல்லாம் தாண்டி வெளியே வந்த பிறகும் பணிவிடை பின்னாலேயே வருகிறது. ‘வேலையைத்தான் விட்டுட்டீல்ல, இனி அத்தையைப் பார்த்துக்கலாம்’ என்கிறது வீடு. ஊசி போட, சர்க்கரை பார்க்க, டிரிப் ஏற்ற, இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிறது தெரு. சம்பளத்தோடு செய்தபோது என்னை ‘ஏம்மா’ என்று அழைத்தவர்கள் இலவசமாகச் செய்யும்போது ‘சிஸ்டர்’ என்கிறார்கள். அரசும் இந்தத் தெருவைப் போலத்தான். வீடு வீடாக நடந்து மருந்து கொடுக்கும் பெண்களுக்கு அது ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ஆர்வத்தால் செய்கிறவருக்குச் சம்பளம் எதற்கு? ஊக்கத்தொகை போதும்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது, பாராட்டுவதாக நினைத்துச் சொல்லப்படும் ஒரு வாக்கியம்: ‘அங்க நோயாளியப் பார்த்தீங்க, இங்க செடியப் பார்க்குறீங்க. ரெண்டும் பிள்ளை வளர்க்கிற மாதிரிதானே!’ இல்லை. செடி என் பிள்ளை இல்லை. நோயாளியும் என் பிள்ளையாக இருந்ததில்லை. பெண் எதைத் தொட்டாலும் அதைத் தாய்மையாக்கிவிட்டால் அதற்குக் கூலி பேச வேண்டியதில்லை. இதே நர்சரி முதலாளி கன்றைத் தொடும்போது யாரும் அவரைத் தந்தை என்பதில்லை, வியாபாரி என்கிறார்கள். நாங்கள் கட்டும் ஒட்டுக்கன்று ஒரு சரக்கு. அதில் எங்கள் கண்ணும் விரலும் முதுகும் இருக்கின்றன. அதற்கு விலை உண்டு.

ஆகவே நமக்கு வேண்டியது பாராட்டு விழா இல்லை. வயலிலும் நர்சரியிலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி. வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும், கோடையில் உச்சி வெயில் நேரத்துக்கு ஓய்வும். பட்டா இல்லாமல் குத்தகைக்குப் பயிர் செய்யும் பெண்ணுக்கும் விவசாயி என்ற அங்கீகாரம், கடன், காப்பீடு. நிலத்தைப் பெண் பேரில் எழுதுவது நடக்காத கனவு என்று யாராவது சொன்னால் கீழத்தஞ்சைப் பக்கம் கை காட்டுங்கள். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவருடைய கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு அங்கே ஆயிரக்கணக்கான நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, அதைப் பெண்கள் பேரில் பதிவு செய்தது. கூலியாக நின்ற அதே வயலில் சொந்தக்காரியாக நிற்கும்போது வெயில் குறைவதில்லை. எப்போது கரையேறுவது என்பதை மட்டும் அவளே முடிவு செய்கிறாள்.

இன்னும் வார்டில் இருந்துகொண்டு, வெளியே போகலாமா என்று இரவு மூன்று மணிக்கு யோசித்துக்கொண்டிருக்கும் தோழிகளுக்குச் சில வார்த்தைகள். போகலாம். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போவதற்கு முன் அசல் சான்றிதழ்களையும் அனுபவச் சான்றையும் கையில் வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் பங்கும் நிர்வாகத்தின் பங்கும் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையைக் கேளுங்கள், அது தானம் இல்லை, சட்டப்படி உங்களுடையது. புது இடத்தில் கூலி பேசாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். தம்பி விடுதலைப் பத்திரத்தை நீட்டினால், பேனா இல்லை என்று சொல்லுங்கள்.