அரிதாரத்தை மறந்த அஞ்சலி

மறைந்த நடிகர் ஒருவரைப் பற்றி எழுதப் புகும் நம்மவர் முதலில் தேடுவது அவர் நடித்த நாடகங்களின் விவரத்தை அன்று. அவர் இறந்த நாளில் வீட்டில் எத்தனை ரூபாய் இருந்தது என்பதையே. செல்வத்தில் புரண்டவர் கடனில் மாண்டார் என்று ஒரு வரி கிடைத்துவிட்டால் போதும். கட்டுரை முடிந்தது, படிப்பவர் கண்ணும் பனித்தது, யாக்கை நிலையாமை, செல்வம் நிலையாமை இரண்டும் ஒருசேர உரைத்தாயிற்று. நம் சங்க மலர்களைத் தொடர்ந்து படித்து வருவோர் இதனை மறுக்க மாட்டார்கள். அத்தகைய கட்டுரைகளுள் நாமே எழுதியவையும் உண்டு. ஆகவே குற்றச்சாட்டை முதலில் நம் தலைமேல் ஏற்றிக்கொண்டே பேசத் தொடங்குகிறோம்.

எம். கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி இந்த மும்பை மாநகரின் தமிழ் வீடுகளில் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை யாது? தங்கத் தட்டில் உண்டார். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை புகுந்தார். பின்னாளில் கோயிலில் அமர்ந்திருந்தவரைப் பிச்சைக்காரர் என்று நினைத்து யாரோ ஒருவர் காசு போட்டார். எந்தக் கோயில்? எந்த ஆண்டு? போட்டவர் யார், கண்டவர் யார்? ஒருவரும் கேட்பதில்லை. கதை உருக்கமாக இருக்கிறது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள்கிறோம். முன்பு வார இதழில் வந்தது. இன்று கைப்பேசியில் வருகிறது. சொல்லும் கருவி மாறியதேயன்றிக் கதை மாறவில்லை.

ஏட்டில் உள்ளதைப் பார்ப்போம். 1944 டிசம்பரில் கைதான பாகவதர், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கினின்று 1947-இல் விடுதலை பெற்றார். அதன்பின் 'ராஜமுக்தி' (1948), 'அமரகவி', 'சியாமளா' (இரண்டும் 1952), 'புதுவாழ்வு' (1957) ஆகிய படங்களில் நடித்தார். 'சிவகாமி' அவர் மறைந்த பிறகு 1960-இல் வெளிவந்தது. 1959 நவம்பர் முதல் நாள் அவர் காலமானார். அப்படங்கள் ஓடவில்லை என்பது மெய்யே. ஆனால் ஓடாத படத்தில் நடித்தவன் உழைக்காதவன் ஆவானா? விடுதலைக்குப் பிந்திய பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை 'வீழ்ச்சி' என்னும் ஒரு சொல்லில் நாம் புதைத்துவிட்டோம்.

அதனினும் கொடிது, முதல் பகுதியைப் புதைத்தது. 1934-இல் 'பவளக்கொடி' திரைக்கு வருமுன் அவருக்கு ஒரு வாழ்வு இருந்தது. திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயரின் கண்ணிற்பட்டு, 'அரிச்சந்திரா'வில் லோகிதாசனாக மேடையேறிய சிறுவன், பத்தாண்டுகளுக்கும் மேலாக நாடகத்திலேயே தேறியவன். திரையில் நாம் கேட்டது அந்த மேடையின் குரலைத்தான். மேடையை முகவுரை என்றும் திரையை நூல் என்றும் எண்ணுகின்ற நம் பழக்கத்திற்கு அது தெரிவதில்லை.

மேடை என்றால் என்ன என்பதை இங்குப் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சற்றே விரித்துச் சொல்லியாக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதிற் சேர்ந்த தி. க. ஷண்முகத்திற்கு வயது ஆறு. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து, ஒரே கொட்டகையில் உண்டு உறங்கி, விடிவதற்கு முன் எழுந்து சாதகம் செய்து, நூற்றுக்கணக்கான பாடல்களையும் வசனத்தையும் நெஞ்சில் இருத்தினார்கள். குரல் உடையும் பருவத்தை அவர்கள் 'மகரக்கட்டு' என்பார்கள். அது வந்தால் நேற்று வரை ஸ்திரீபார்ட்டாக ஊரையே மயக்கிய பையன் இன்று திரை இழுக்கப் போவான். கலைஞனின் வீழ்ச்சி என்று ஒன்றை எழுதியே ஆகவேண்டுமென்றால், பதின்மூன்று வயதில் நேர்ந்த அந்த வீழ்ச்சியை எழுதியவர் எத்தனை பேர்?

இனி 'ஸ்பெஷல் நாடகம்' என்பது வேறு வகை. ராஜபார்ட் ஒரூரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மற்றோரூரிலிருந்து, பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறு வேறு திசையிலிருந்து. அன்று மாலைதான் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பார். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை 'வள்ளி திருமணம்' நடக்கும். சுவாமிகளின் பாடம் அனைவர்க்கும் பொது. ஆனால் நாரதர் தொடுக்கும் தர்க்கத்திற்கு வள்ளி அந்த இடத்திலேயே விடை சொல்லியாக வேண்டும், அதுவும் பாட்டின் தாளம் தவறாமல். எதிரில் ஆயிரக்கணக்கானோர். ஒலிபெருக்கி வராத நாளில் கடைசி வரிசையில் துண்டு விரித்து அமர்ந்திருப்பவனுக்கும் எழுத்துச் சிதையாமல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவன் சும்மா இருப்பவனல்லன். இந்த வித்தையை ஓரிரவு அல்ல, ஆண்டுதோறும் நூறு இரவு செய்தவர்களைப் பற்றி நாம் எழுதுவது: "கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டார்."

எஸ். ஜி. கிட்டப்பாவைக் காண்போம். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து, 1933 டிசம்பர் 2-இல் இருபத்தேழே வயதில் மறைந்தவர். தமிழ் பேசும்படம் வந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே திரைக் கணக்குப் பார்ப்போருக்கு அவர் கணக்கிலேயே இல்லாதவர். நல்வினையாக இசைத்தட்டுகள் உள. ஆனால் அவரைப் பற்றிய பேச்சோ காதல், பிரிவு, இளமையில் மரணம் என்ற மூன்றில் முடிந்துவிடுகிறது. அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியத்தில் அமர்ந்து தம்பியின் குரலோடு ஓடிப் பிடித்ததும், கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' காணக் கூட்டம் திரண்டதும் பேச்சில் வருவதில்லை.

கே. பி. சுந்தராம்பாளுக்கு நாம் செய்த அநீதி இன்னும் பெரிது. இருபத்தைந்து வயதில் வெள்ளைப் புடைவை உடுத்தினார் என்பதோடு நம் கட்டுரைகள் அம்மையாரை நிறுத்திவிடுகின்றன. 1980-இல் அவர் மறையும் வரை, அதன்பின் நாற்பத்தேழு ஆண்டுகள் உள்ளன, ஐயா! அந்த நாற்பத்தேழு ஆண்டுகளில், 1935-இல் ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பேசி நந்தனாராக ஆண்வேடம் தாங்கினார். 1953-இல் ஔவையாராக நின்றார். சட்ட மேலவையில் அமர்ந்தார். 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாக வந்தார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஊதியம் இவ்வளவு என்று தாமே நிறுவிக்கொண்டு தனித்து வாழ்ந்த ஒரு பெண்ணின் உறுதி நமக்குத் தேவைப்படவில்லை. புடைவையின் நிறம் போதுமானதாயிற்று.

என். எஸ். கிருஷ்ணன் மறைந்தது 1957-இல். அள்ளிக் கொடுத்தார், கையில் ஒன்றும் இல்லாமல் போனார் என்பது அவர்க்கு நாம் வகுத்த வாழ்க்கை வரலாறு. கொடை பெரிது, ஐயமில்லை. ஆயினும் வில்லுப்பாட்டில் தொடங்கி, டி. கே. எஸ். சகோதரர்கள் கம்பெனியில் தேறி, நகைச்சுவைப் பகுதியைத் தம் குழுவோடு தாமே அமைத்துப் படங்களுக்குள் பொருத்திய தொழில் நுட்பம் எங்கே? அவர் சிறையிலிருந்த நாளில் டி. ஏ. மதுரமும் எஸ். வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாமல் 'பைத்தியக்காரன்' நடத்திய கதை எங்கே? அந்தச் சகஸ்ரநாமம் பிற்பாடு சேவா ஸ்டேஜ் நிறுவி, பி. எஸ். ராமையாவையும் தி. ஜானகிராமனையும் நாடகம் எழுத வைத்தார். இலக்கியக் கட்டுரை என்று பெயரிட்டு மலர் வெளியிடும் நாம் அவரையாவது நினைத்திருக்க வேண்டும். அவர் 1988-இல் மறைந்தார். படங்களில் தந்தையாக வந்தவர் என்று சொன்னால்தான் நம்மில் பலர்க்கு முகம் நினைவுக்கு வருகிறது.

சாவையே எழுத வேண்டுமென்றால் விசுவநாததாஸின் சாவு ஒன்று இருக்கிறது. 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில், 'வள்ளி திருமண'த்தில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிய நிலையிலேயே உயிர் நீத்தார். கதருடுத்தி, தேச பக்திப் பாடலை மேடையில் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவர் பிறந்த குலத்தைக் காட்டி உடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. மறுக்காமல் நடித்தவர்களுள் ஒருவர் பின்னாளில் சட்டமன்றம் சென்ற கே. பி. ஜானகி அம்மாள். இச்சாவில் இழிவு இல்லை, கடன் இல்லை, படிப்பினை இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் மலர்களில் இதற்கு இடம் கிடைப்பதே இல்லை!

"வீழ்ச்சியைச் சொல்வது இரக்கத்தால் அல்லவா? சமுதாயத்தின் நன்றியின்மையைச் சுட்டுகிறோம் அல்லவா?" என்று வினவும் நண்பர்கள் உளர். இரக்கம் என்றால் காரணம் கேட்டிருக்கும். பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்குச் சோறன்றிக் கூலி என்ன கிடைத்தது, முதுமையில் அவனுக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்று விசாரித்திருக்கும். நாம் விசாரித்ததில்லை. இலட்சுமிகாந்தன் 'சினிமா தூது' நடத்தினான், பின்னர் 'இந்து நேசன்' நடத்தினான். நடிகர் வீட்டு அந்தரங்கத்தை அச்சிட்டான். காசு கொடுத்து வாங்கியவர் யார்? நம் பாட்டனார்களே. வாங்குவோர் இல்லையேல் அந்த ஏடு இல்லை. பாட்டனார் சிரித்துக்கொண்டு படித்ததை நாம் அழுதுகொண்டு படிக்கிறோம். பசி ஒன்றுதான்.

வேறு ஒரு காரணமும் உண்டு என்று நமக்குப் படுகிறது. சொன்னால் சிலர்க்குக் கசக்கும். நாம் சம்பளம் தேடி ஊரை விட்டு வந்தவர்கள். "கூத்தாடிப் பிழைப்பு வேண்டாம், டைப்ரைட்டிங் பழகு, பம்பாய் போ" என்று தந்தையார் சொல்ல, பாடத் தெரிந்தவனும் நடிக்கத் தெரிந்தவனும் ரயிலேறினான். சந்திரபாபு வறுமையில் இறந்தார், சாவித்திரி நினைவிழந்து கிடந்து மாய்ந்தார் என்று படிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தின் ஒரு மூலையில் ஓர் ஆறுதல் பிறக்கிறது: நல்லவேளை, நாம் தப்பித்தோம்! நம் வருங்கால வைப்பு நிதிக்கு அவர்கள் சாவைச் சான்றாக்கிக்கொள்கிறோம். இதற்கு அஞ்சலி என்று பெயர் வைக்கலாகாது.

நாம் வந்து சேர்ந்த இந்த நகருக்கே அக்கதையில் பங்குண்டு. 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' இங்குதான் எடுக்கப்பட்டது. 'ஆலம் ஆரா' எடுத்த அர்தேஷிர் இரானியின் நிறுவனமே அதனையும் எடுத்தது. தமிழ் பேசிய முதல் திரைக் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி, இளவயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர், இங்கு வந்துதான் நடித்துச் சென்றார். பின்னர் 1936-இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி இயக்கினார். 1964-இல் மறைந்தார். 'காளிதாஸ்' படத்தின் படச்சுருள் ஓரடிகூட இன்று இல்லை. திரை நிலைக்கும், மேடை அழியும் என்போர் இதனைக் கருதுக. நிலைப்பது எழுதி வைத்தது ஒன்றுதான். ஷண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' எழுதினார். பம்மல் சம்பந்த முதலியார் 'நாடக மேடை நினைவுகள்' எழுதினார். மதுரகவி பாஸ்கரதாஸ் அன்றாடம் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது நூலாகவும் வந்துவிட்டது. இவற்றை வாங்கிப் படித்தோர் நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் என்று கேட்டால் விழா மண்டபத்தில் கை உயராது.

சங்க மேடைக்கும் இதே கதிதான். நம் நாடகக் குழுவில் பெண்கள் நடிக்க முன்வராத நாளில், அலுவலகம் விட்டு வந்து, ஓர் அறைக் குடியிருப்பில் ஒத்திகை பார்த்து, பல ஆண்டுகள் பெண்வேடம் தாங்கிய உறுப்பினர் ஒருவர் மறைந்தார். மலரில் நாம் எழுதிய அஞ்சலியில் அவர் வகித்த பதவி இருந்தது, நோய் இருந்தது, விட்டுச் சென்ற மக்கள் தொகை இருந்தது. அவர் தாங்கிய வேடம் ஒன்றுகூட இல்லை. அவர் துணைவியார் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து நாம் சென்றபோது, தகரப் பெட்டியிலிருந்து ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். வசனம் முழுவதும் அவர் கையெழுத்து. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே முந்தானையைப் பற்ற வேண்டும் என்று பென்சிலால் குறித்திருக்கிறார். இவ்வாண்டு மலர்க்குழுவினர் பக்கம் இல்லை என்றனர். நட்சத்திரப் படங்களுக்கு ஒதுக்கிய பக்கங்களில் நான்கை வாதாடிப் பெற்றிருக்கிறோம். அந்த நோட்டின் முதற்காட்சி, பென்சில் குறிகளுடன், அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது.