அடியில் நெருப்பு... உள்ளே ஐஸ்! கேரவன் ஃப்ரிட்ஜைக் கவனிப்பது எப்படி?

கேரவன் என்றதும் நம்மவர்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களின் வண்டி. 'ஆர்.வி' என்பார்கள். படுக்கை, அடுப்பு, பாத்ரூம், ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடை விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுபவர்கள் உண்டு. ஆண்டு முழுக்க அதிலேயே குடியிருப்பவர்களும் உண்டு. 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வென்ற 'நோமேட்லாண்ட்', அப்படி வண்டியே வீடாகிப்போன ஒரு பெண்ணின் கதைதான்.

அவர்களுக்கு ஃப்ரிட்ஜ் வெறும் வசதி அல்ல. இன்சுலின் போடுபவர், திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். நடுக்காட்டில் அது நின்றுபோனால் என்ன செய்வது?

கம்ப்ரஸரே கிடையாது!

புதிய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. ஆனால், பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 'அப்சார்ப்ஷன்' வகை. இது கேஸிலும் ஓடும், கரன்ட்டிலும் ஓடும். எதில் ஓடினாலும் வேலை ஒன்றுதான்: சூடாக்குவது.

அம்மோனியா கலந்த தண்ணீர் சூடாகும்போது அம்மோனியா ஆவியாகி மேலே போகும். அங்கே குளிர்ந்து திரவமாகும். பிறகு ஹைட்ரஜன் வாயுவோடு சேரும்போது மறுபடி ஆவியாகும். அப்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் தண்ணீரிலேயே கரைந்து, பழையபடி அடுப்புக்கு வரும். 1922-ல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. அந்தச் சுற்றில் மோட்டார் இல்லை, சத்தமும் இல்லை.

சாய்ந்தால் ஆபத்து

மோட்டார் இல்லாததால், குழாய்களில் திரவம் தானாக வழிந்துதான் இறங்க வேண்டும். வண்டியைச் சரிவில் நிறுத்தி ஃப்ரிட்ஜை ஓடவிட்டால், திரவம் ஓரிடத்திலேயே தேங்கும். அடுப்புப் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகும். துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் ரசாயனம் கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். பிறகு அந்தக் குளிரூட்டும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். எனவே, நிறுத்தியதும் முதல் வேலை, மட்டம் பார்ப்பது. ஓடும்போது வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் தேங்காது.

கோளாறு எங்கே?

குளிரவில்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம். வண்டி மட்டமாக நிற்கிறதா, சிலிண்டர் திறந்திருக்கிறதா, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். கேஸில் ஓடும்போதும் கன்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் கரன்ட் தேவை.

கரன்ட்டில் குளிர்ந்து, கேஸில் குளிராவிட்டால், குளிரூட்டும் பகுதி நன்றாகவே இருக்கிறது. கேஸ் பக்கம்தான் சிக்கல். பர்னரில் சிலந்திக்கூடு, துரு, தூசி சேர்ந்திருக்கலாம். இரண்டிலும் சூடேறியும் குளிரவில்லை என்றால், குளிரூட்டும் பகுதியையே சந்தேகிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள். இந்த ஃப்ரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் எடுக்கும். பொருட்களைத் திணிக்காமல், காற்று போக இடம் விட்டு அடுக்குங்கள். பின்பக்க வென்ட்டை எதையும் வைத்து மறைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

இதில் மட்டும் சமாளிக்காதீர்கள்

ஃப்ரிட்ஜைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அடிக்கிறதா? பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி தெரிகிறதா? கசிவு என்று அர்த்தம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. உடனே அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்துவிடுங்கள். அழுத்தத்தில் சீல் வைத்த பகுதி என்பதால் வீட்டில் பிரித்துப் பார்க்கவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக, இந்த வகை ஃப்ரிட்ஜ்களை நிறுவனங்களே லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றதும் அமெரிக்காவில் நடந்திருக்கிறது.

பர்னரின் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரி படியும், கார்பன் மோனாக்சைடு உருவாகும். கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இதற்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். படுக்கைக்கு அருகே இதற்கான அலாரமும், தரையை ஒட்டி கேஸ் அலாரமும் இருக்க வேண்டும். வண்டியில் பயன்படுத்தும் கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். அலாரங்களுக்கும் காலாவதித் தேதி உண்டு. வாடகை வண்டி என்றால், சாவி வாங்கும்போதே அந்தத் தேதியைப் பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சிலிண்டர் இணைப்பில் சந்தேகமா? நம் வீட்டில் செய்வதுபோல சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. பெட்ரோல் பங்க்குக்குள் நுழையும் முன் ஃப்ரிட்ஜின் சுடரை அணைத்துவிட வேண்டும்.

பர்னரைச் சுத்தம் செய்து, கேஸ் அழுத்தத்தைச் சோதிக்க ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். தூங்கும் இடத்துக்குச் சில அடி தூரத்தில் எரியும் நெருப்பு அது!