நெடிய கன்றும் நிலைக்கும் மரமும்

மரம் நடுவார் மண்ணைப் பற்றிப் பேசுவர். எருவையும் நீரையும் பற்றிப் பேசுவர். ஒளியைப் பற்றிப் பேசுவோர் அரியர். தாம்பரத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று நகைப்பாரும் உளர். எனினும், ஒரு கன்றின் தண்டு நிமிர்வதும் கோணுவதும், பருப்பதும் மெலிவதும், இளமையில் அது பெற்ற ஒளியின் அளவையும் திசையையும் பெரிதும் பொறுத்தனவாம். இதனை எண்ணாது, நெட்டையாய் நேராய் நிற்கும் கன்றே நல்ல கன்று என்று நாம் தேர்ந்து வருகின்றோம். அத்தேர்வு தவறு என்பதே என் கருத்து.

கோவளத்திற்குத் தெற்கே கடற்கரை மணலில் உள்ள சவுக்குத் தோப்புகளை நம்மில் பலர் கண்டிருப்பர். தோற்றத்தில் பைன் மரத்தை ஒப்பினும் சவுக்கு அவ்வினத்தது அன்று. பூக்கும் மரங்களுள் ஒன்றே. 19-ஆம் நூற்றாண்டில், சிறப்பாகப் புகைவண்டி எஞ்சின்களின் விறகுக்கென, அது நம் கரையில் பெருக நடப்பட்டது. இன்று சாரத்திற்கும் பந்தற்காலுக்கும் காகிதக் கூழுக்கும் பயன்படுகின்றது. உழவர் கன்றுகளை ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுவர். அண்டைக் கன்றுகள் மறைத்தலால் பக்கத்தொளி குன்றும்; தலைக்கு மேலோ வானம் திறந்திருக்கும். கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர, நுனி ஒன்றே மேல்நோக்கி விரையும். கோணாத கழி இவ்வாறே கிடைக்கின்றது. அதே சவுக்கு வெட்டவெளியில் தனித்து நின்றால், தாழ்விலேயே கிளைத்து, அடி பருத்து வளரும். சாரத்திற்கு அஃது உதவாது. காற்றைத் தாங்குதற்கோ அதுவே ஏற்றது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. பக்க நிழல் வேறு. தலைமேல் நிழல் வேறு. பைன் வகைகளுட் பெரும்பாலன ஒளி வேண்டுவன. அவை நெருங்கி நின்றால் நேராய் ஓங்கும். பெருமரத்தின் கீழ் முளைத்த கன்றோ உயரவும் மாட்டாது, பருக்கவும் மாட்டாது மெலியும்.

இதன் காரணம் சிறிது சிறிதாகவே விளங்கியது. சார்லஸ் டார்வினும் அவர் மைந்தர் பிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட நூலில், புல் முளையின் நுனியை மூடிவைத்தால் அஃது ஒளியை நோக்கி வளைவதில்லை என்று காட்டினர். 1920-களில் ஹாலந்து நாட்டினரான வென்ட் என்பார், அந்நுனியினின்று இறங்கி வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று உண்டு என நிறுவினார். ஆக்சின் என்பது அதன் பெயர். ஒளி ஒருபக்கம் படின், ஆக்சின் நிழற்பக்கம் மிகுதியாய்ச் சேரும். அப்பக்கத்து உயிரணுக்கள் நீளும். தண்டு ஒளிப்பக்கம் வளையும். அன்றியும், பச்சிலை செவ்வொளியை உட்கொண்டு, அதற்கும் அப்பாற்பட்ட, கண்ணுக்கு அரிதாய்ப் புலப்படும் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. அவ்வொளியின் கலப்பு மாறுதலைக் கொண்டே கன்று அண்டையில் போட்டி உண்டென உணர்ந்து, பருமனை விட்டு நெடுமையை நாடும். தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரமுடையதை மரம் என்றும் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் பகுக்கின்றது. இங்ஙனம் நெருக்கத்தில் ஓடிய கன்றைத் தொல்காப்பியர் எதனுட் சேர்ப்பாரோ என நான் வேடிக்கையாய் எண்ணுவதுண்டு.

நிற்க. தமிழ்நாட்டுப் பசுமை இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று நம் அண்டை ஊராகிய வண்டலூரில் தொடங்கப்பெற்றது. மாநிலப் பரப்பில் 33 விழுக்காடு பசுமை என்பது அதன் நோக்கம், மிக நன்று. ஆயின் நம் கைக்கு வரும் கன்று எத்தகையது? பச்சை வலையின் கீழ், பைகளில் தோளோடு தோள் நெருங்கி, ஆளுயரம் ஓடியதையே நாம் விரும்பிக் கேட்கின்றோம். நடுவிழாப் படத்தில் அஃதே எடுப்பாய்த் தோன்றும். நட்டபின் அதனைக் கோலோடு அசையாவண்ணம் இறுகக் கட்டுகின்றோம். காற்றில் அசையும் தண்டு குட்டையாய்த் தடிக்கும் என்பதை 1973-இல் ஜாஃபே என்னும் அறிஞர் ஆய்ந்து பெயரிட்டார். அவ்வசைவையும் நாம் கன்றுக்கு மறுத்துவிடுகின்றோம். கட்டவிழ்த்த நாளில் அது வில்லாய் வளைந்தால் வியப்பென்ன? விதைக்கிறவன் உவமையில், மண் ஆழமில்லாத பாறைமேல் விழுந்த விதைதானே விரைந்து முளைத்தது!

சேலையூர், மேடவாக்கம் பக்கத்துத் தெருக்களில் வேறொரு காட்சி. அடுக்குமாடிச் சுவரை ஒட்டி நட்ட புங்கும் வேம்பும், வானம் தெரியும் தெருநடுவை நாடிச் சாய்கின்றன. மின்கம்பியில் தட்டுகின்றதென்று பின்னர் அவற்றின் கிளைகளைக் கழிப்பர். எஞ்சுவது நொண்டி மரம். பழி மரத்தின் மேல் விழுகின்றது. இடம் பார்த்துக் குழி தோண்டாதவரை எவரும் கேட்பதில்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வீழ்ந்த மரங்களுக்கெல்லாம் ஒளியே காரணம் என்று நான் கூற வரவில்லை. சிமெண்டால் அடைபட்ட வேரும், எளிதில் முறியும் அயல்நாட்டு மர வகைகளும் பெருங்காரணங்கள். ஆயினும் வேர் வலுப்பெற வேண்டிய பருவத்தில் உணவை நெடுமைக்கே செலவிட்ட கன்று, புயலுக்கு முன்னரே பாதி தோற்றதாகும். 1937-இல் நம் கல்லூரி இங்குக் குடியேறியபோது இருந்த புதர்க்காட்டின் எச்சம் இன்றும் வளாகத்தில் உள்ளது. அதிலுள்ள மரங்களுட் பல குட்டை; பல கோணல். வேதியியற் பேராசிரியராயிருந்தும் செடிகொடிகளில் தோய்ந்த எட்வர்டு பார்ன்ஸ் அவற்றை இகழவில்லை. நேராயிருத்தல் சாரக்கழிக்குச் சிறப்பு; தெருமரத்திற்கு அது முதற்சிறப்பு அன்று.

ஆகவே இவ்வாண்டு மழைக்கு முன் நம் மாணவர் நடும்போது, இடுப்பளவே உயர்ந்து, அடித்தண்டு தடித்து, சில கிழமையேனும் திறந்த வெயிலில் நின்று பழகிய கன்றையே கேட்டு வாங்குவோமாக. குழி தோண்டுமுன் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அவ்விடத்தில் வெயில் விழுகின்றதா என்று ஒருவர் நின்று பார்த்து வரட்டும். கோல் வேண்டுமாயின் தளரக் கட்டி, ஓராண்டில் அகற்றுவோம். படத்தில் கன்று சிறிதாய்த் தெரியும் என்பது ஒரு குறையே. படமெடுப்பவர் சற்றுக் குனிந்து எடுக்கட்டும்.