காருக்கு ஏன் இந்த மறதி?

2012-ல் சந்தைக்கு வந்த பி.எம்.டபிள்யூ. 3 சீரீஸ் காரில் கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டன் உண்டு. காரின் குணத்தையே மாற்றுகிற பட்டன். ‘ஸ்போர்ட்’டில் வைத்தால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் சீறும், அடுத்த கியருக்குப் போகத் தாமதிக்கும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். ‘ஈகோ புரோ’வில் அதே கார் பரம சாது. பெட்ரோலை எண்ணி எண்ணிக் குடிக்கும், ஏ.சி.கூட அடக்கி வாசிக்கும். இரண்டுக்கும் நடுவே ‘கம்ஃபர்ட்’. முதல் நாள் இரவு எந்த முறையில் ஓட்டி நிறுத்தியிருந்தாலும் மறுநாள் காலை கார் கண் விழிப்பது கம்ஃபர்ட்டில்தான். உரிமையாளர் என்ன நினைக்கிறார் என்பது அதற்கு ஞாபகம் இருப்பதில்லை.

ஞாபகம் வரவழைக்க ஒரு தொழிலே கிளம்பிவிட்டது. ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கப் பயன்படுத்தும் 16 முனை ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு கேபிளைச் செருகி, மறு முனையை லேப்டாப்பில் மாட்டுவது முதலில் வந்த வழி. இப்போது தீப்பெட்டி அளவு அடாப்டரும் செல்போனில் ஒரு ‘ஆப்’பும் போதும். காரின் கம்ப்யூட்டரில் எந்த முறையில் விழிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை மாற்றி எழுதினால் காலையில் கார் ஸ்போர்ட்டிலேயே எழுந்திருக்கும். ஸ்பேனர் வேண்டாம், புதிய உதிரி பாகம் வேண்டாம். சில நிமிட வேலை. இதற்கு ‘கோடிங்’ என்று பெயர். தொழிற்சாலையே இப்படித்தான் செய்கிறது: பல நாடுகளுக்கும் பல மாடல்களுக்கும் பொதுவான சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, யாருக்கு எது வேண்டும் என்பதை ஒரு பட்டியல்படி திறந்தோ மூடியோ வைக்கிறது. வெளியில் இருப்பவர்களும் அந்தப் பட்டியலில்தான் கை வைக்கிறார்கள்.

இதைவிடக் குறும்பான வித்தை ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கார்களில் நடக்கிறது. சிக்னலில் நின்றால் தானாக அணைந்து, பிரேக்கை விட்டதும் தானாக உயிர்பெறும் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’ வசதிதான் அங்கே இலக்கு. இன்ஜினை அணைக்கும் முன் பேட்டரியில் தெம்பு இருக்கிறதா என்று கார் பார்த்துக்கொள்ளும். இதற்கான குறைந்தபட்ச அளவு பல மாடல்களில் 7.6 வோல்ட். அதை 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே ஏற்றிவிட்டால், பேட்டரி பலவீனமாக இருப்பதாகவே கார் எந்நேரமும் நம்பிக்கொண்டிருக்கும். இன்ஜினை அணைக்கவே அணைக்காது. ஸ்டார்ட்-ஸ்டாப்பை யாரும் நீக்கவில்லை. காருக்குப் பொய் சொல்லி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இத்தனை பாடு எதற்கு, கம்பெனியே கடைசியாக ஓட்டிய முறையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யத் தெரியாமல் இல்லை. ரேடியோ எந்த ஸ்டேஷனில் இருந்தது, சீட் எவ்வளவு தள்ளியிருந்தது என்பதெல்லாம் காருக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. இந்த மறதி மட்டும் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. காரணம் ரோட்டில் இல்லை, சோதனைக்கூடத்தில் இருக்கிறது.

ஐரோப்பாவில் 2017 செப்டம்பரில் புது மாடல்களுக்கும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புகை, எரிபொருள் சோதனை கட்டாயமானது. ஓட்டும் முறைகள் பல உள்ள காரை எதில் வைத்துச் சோதிப்பது? விதி இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. முன்பு எந்த முறையில் அணைக்கப்பட்டிருந்தாலும் சரி, ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் தானாக வருகிற ஒரே முறை இருந்தால், அதையும் வேறொன்றாக மாற்றி அமைக்க முடியாது என்றால், அந்த முறையில் சோதித்தால் போதும். அப்படி ஒரு நிரந்தர முறை இல்லாத காரை மிக மோசமான முறையிலும் மிக நல்ல முறையிலும் ஓட்டிப் பார்த்து சராசரி எடுக்க வேண்டும். ஆக, உரிமையாளரின் விருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் காருக்கு மார்க் குறையக்கூடும். மறக்கிற காருக்குக் குறையாது.

அந்த மார்க்குக்கு விலை உண்டு. ஐரோப்பிய யூனியனில் ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு, விதித்த இலக்கைத் தாண்டினால் காருக்கு, கிராமுக்கு 95 யூரோ அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் கம்பெனி ஒரே ஒரு கிராம் தாண்டினால் ஒன்பதரைக் கோடி யூரோ. இவ்வளவு பணம் ஒரு வரி சாஃப்ட்வேரைத் தொங்கிக்கொண்டிருக்கும்போது எந்த நிர்வாகமும் வாடிக்கையாளரின் சலிப்பைப் பார்க்காது.

2015 செப்டம்பரில் அம்பலமான ஃபோக்ஸ்வேகன் டீசல் விவகாரத்தோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. அங்கே சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. அது மோசடி. இது விதிக்கு உட்பட்ட சாமர்த்தியம். நச்சுப் புகையைப் பொறுத்தவரை எல்லா முறைகளிலும் வரம்பைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது.

மறதிக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. இரவில் மகன் ஸ்போர்ட்டில் விரட்டிவிட்டு நிறுத்திய வண்டியைக் காலையில் அப்பா எடுக்கிறார். மழையில் நனைந்த ரோடு, வழக்கம்போல ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கிறார். வண்டி ஒரே மாதிரி கண் விழிப்பது அவருக்கு நல்லது. ஒரு காரை நாலு பேர் ஓட்டும் இந்தியக் குடும்பங்களில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இந்தியச் சோதனைக்கான ஓட்டம் பழைய ஐரோப்பிய ஓட்டத்தின் தழுவல். உச்ச வேகத்தை மட்டும் 120-லிருந்து 90 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். 1,180 விநாடி ஓட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு நேரம் கார் சும்மா நிற்கிறது. இன்ஜினை அணைத்து வைத்தால் அத்தனையும் லாபம். 2017-18-ல் கிலோமீட்டருக்கு 130 கிராமாக இருந்த சராசரி வரம்பு 2022-23 முதல் சுமார் 113 கிராமாக இறுகியபோது, அந்த லாபத்தை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? மே மாத டெல்லியில், சிக்னலில் இன்ஜின் நின்றதும் பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஏ.சி. கம்ப்ரசரும் சேர்ந்து நின்றுவிடும். வெந்நீர் ஆவி மாதிரி காற்று வரும். அதைச் சகிக்க முடியாதவர் வண்டியில் ஏறியதும் செய்கிற முதல் காரியம் அந்த பட்டனை அமுக்குவதுதான். எரிபொருள் மிச்சம் என்று காகிதத்தில் பதிவானது ரோட்டில் பாதிகூட நடக்காமல் போகிறது.

சரி, கோடிங் செய்துகொள்வது குற்றமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. இவை எழுதப்பட்டபோது மனதில் இருந்தவை அகல டயர், வெட்டி ஒட்டிய பாடி, காதைப் பிளக்கும் சைலன்சர். கார் எந்த முறையில் கண் விழிக்கும் என்பது எந்தப் பதிவுச் சான்றிதழிலும் இல்லை. அமெரிக்கா இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது: சொந்த வண்டியைப் பழுதுபார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் அதன் சாஃப்ட்வேரைத் திறப்பது காப்புரிமை மீறல் ஆகாது என்று 2015-ல் விலக்கு அளித்தது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. கம்பெனியே வைத்த முறைகளில் எது முதலில் வர வேண்டும் என்று மாற்றுவது ஒன்று. எவ்வளவு எரிபொருள், எவ்வளவு டர்போ அழுத்தம் என்ற கணக்கையே திருத்தி எழுதும் ‘ரீமேப்’ முற்றிலும் வேறு. அதில் சக்தி கூடும். கூடவே இன்ஜின் சூடும், கியர்பாக்ஸின் பாரமும், பல சமயம் புகையும் கூடும். இரண்டையும் ஒரே கடை, ஒரே கேபிளில் செய்து தருவதால் வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. வாரன்டி தகராறு வரும்போது சர்வீஸ் சென்டருக்கும் அப்படியே தெரிந்தால் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்கு, சர்வீஸில் புதிய சாஃப்ட்வேர் ஏற்றினால் பழைய கோடிங் அழிந்துவிடும்.

கதவுகளும் மூடப்பட்டு வருகின்றன. எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலிருந்து, கம்பெனி சர்வரின் அனுமதி இல்லாமல் பல அமைப்புகளைத் தொட முடியாதபடி ஃபோக்ஸ்வேகன் பூட்டு போட்டுவிட்டது. காரணம் சைபர் பாதுகாப்பு. உண்மையான காரணம்தான், ஓடும் காரின் பிரேக்கை யாரோ தூரத்திலிருந்து பிடித்தால் விபரீதம். ஆனால் அதே பூட்டுக்கு வேறு உபயோகமும் உண்டு. 2022-ல் பி.எம்.டபிள்யூ., காரில் ஏற்கனவே பொருத்திய சீட் ஹீட்டருக்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே கைவிட்டது. மெர்சிடிஸ் அதே 2022-ல் அமெரிக்காவில் தன் மின்சார கார்களைக் கொஞ்சம் வேகமாகப் பாய வைக்க ஆண்டுக்கு 1,200 டாலர் என்று விலை வைத்தது. வாடிக்கையாளர் தொட்டால் ஆபத்து, கம்பெனி தொட்டால் சந்தா என்பது எந்த ஊர் பாதுகாப்பு?

ஐரோப்பாவில் 2024 ஜூலை 7 முதல் எல்லாப் புதிய கார்களிலும், வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். டிரைவர் அதை அணைக்கலாம். ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அது தானாக உயிர்பெற வேண்டும் என்பது சட்டம். இந்த மறதி கம்பெனியின் மார்க்குக்காக அல்ல, தெருவில் நடந்து போகிறவனுக்காக. கார் கிளம்பியதும் டிரைவருக்குப் பதிலாகத் தானே அந்தக் கருவியை அணைத்துவைக்கும் சின்னப் பெட்டிகள் இப்போது அங்கே விற்பனையில் இருக்கின்றன.