எரிவது வேறு, நச்சு வேறு

2019 மார்ச்சில் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதே எல்லோருடைய கேள்வியாக இருந்தது. நியாயம்தான். ஆனால் அப்போது பெயர் அடிபட்ட பென்சீன், டொலுவீன், அக்ரோலின் எல்லாம் நச்சு மட்டுமல்ல, சட்டென்று தீப்பிடிக்கும் திரவங்களும்கூட.

மலேசியாவின் 2013 ரசாயன வகைப்பாட்டு விதிமுறைகள் இந்த இரண்டையும் தனித்தனியே பார்க்கின்றன. ஐ.நா.வின் உலகப் பொது முறையைத் தழுவியவை அவை. உடலுக்கு வரும் கேடு ஒரு கணக்கு. வெடிப்பது, எரிவது, பிறபொருளின் தீயை வளர்ப்பது, அழுத்தத்தில் அடைபட்ட வாயுவாக இருப்பது ஆகியவை இன்னொரு கணக்கு; இவை பௌதிக ஆபத்துகள். உலோகத்தை அரிப்பதும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. தோலை அரிப்பதற்கும் லேபலில் அதே படம் என்பதால், கீழே உள்ள வாசகத்தைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம்.

தீப்பற்றும் திரவத்தைத் தரம் பிரிக்க முக்கிய அளவுகோல் 'ஃபிளாஷ் பாயிண்ட்'. திரவத்திலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலை அது. 23 டிகிரிக்குக் கீழே என்றால் முதல் அல்லது இரண்டாம் பிரிவு. எது என்பதைக் கொதிநிலை முடிவுசெய்யும். 23 முதல் 60 வரை மூன்றாம் பிரிவு. எண் சிறியதானால் ஆபத்து பெரியது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பென்சீனுக்கு இந்த அளவு மைனஸ் 11, டொலுவீனுக்கு 4. இரண்டும் இரண்டாம் பிரிவு. லேபலில் 'பஹாயா' (அபாயம்) என்றிருக்கும். பெயிண்ட் கடைகளில் புழங்கும் சைலீனுக்குச் சுமார் 27. அது மூன்றாம் பிரிவு, 'அமாரான்' (எச்சரிக்கை) மட்டும்தான். ஆனால் ஜொகூரில் மத்தியான வெயில் 32 டிகிரி. தகரக் கூரைக் கிடங்கில் சைலீன் ஆவியும் பொறிக்குக் காத்திருக்கும். எல்லைக்கோடு உலகுக்கெல்லாம் ஒன்று, வெயில் நம்முடையது.

இன்னொன்று. ரசாயனம் பயன்பாடு முடிந்து கழிவாகிவிட்டால் 2013 விதிமுறைகள் அதைத் தொடர்வதில்லை. அதற்கு 2005 அட்டவணைக் கழிவு விதிமுறைகளும் அவற்றுக்கென்று தனி லேபலும் உண்டு. திருட்டுத்தனமாக ஆற்றில் ஊற்றினால் இரண்டில் எந்த லேபலும் கூட வராது. அதனால்தான் சுங்கை கிம் கிம்மில் எது எரியும், எது நச்சு என்பதை மாதிரி எடுத்துச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.